“இல்லை” என்று எழுதினார்கள்! இருந்தது!

கனடா நாட்டின் கிழக்கு மூலையிலே, அட்லாண்டிக் கடலின் பனிக்காற்று அடிக்கின்ற கரையிலே, நியூஃபவுண்ட்லாந்து என்றொரு மாகாணம். மீனை நம்பி வாழ்ந்த மக்கள். தொகை ஐந்து இலட்சத்தைச் சற்றே தாண்டும். 1992-ஆம் ஆண்டில், காட் மீன் வளம் அற்றுவிட்டதென்று சொல்லி, அதைப் பிடிப்பதையே அரசு நிறுத்தியபோது, பல்லாயிரம் தொழிலாளர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வேலையின்றி நின்ற பூமி அது.

அந்தப் பூமியின் தலைநகரான செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பொது மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலே, 1997 முதல் 2005 வரை, மார்பகப் புற்றுநோய் கண்டவர்களின் திசுக்களைச் சோதித்தார்கள். சோதித்துவிட்டுப் பலருடைய தாளிலே “இல்லை” என்று எழுதினார்கள்.

இருந்தது!

ஏறத்தாழ 400 பேருக்கு இப்படித் தவறான முடிவு போயிற்று. அவர்களிலே பலருக்கு, கிடைத்திருக்க வேண்டிய ஒரு மாத்திரை கிடைக்காமற் போயிற்று. ஊசியல்ல, ஆயுதச் சிகிச்சையல்ல. நாளுக்கு ஒன்று விழுங்குகின்ற, விலை மலிந்த, சாதாரண மாத்திரை!

என்ன இல்லை என்றார்கள்? எது இருந்தது? யார் செய்த பிழை அது? கடல் கடந்த நாட்டிலே நடந்த அந்தக் கதை, ஆலையிலும் பட்டறையிலும் உழைத்து உண்ணும் நமக்கு எதற்கு? “பெண்கள் நோய், டாக்டர்கள் பாடு” என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழர்களே! இது நம் வீட்டுக் கணக்கு.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகிலே சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் காணப்பட்டது. சுமார் 6,70,000 பேர் மாண்டார்கள். அதே ஆண்டில் நம் நாட்டிலே நோய் கண்டோர் ஏறத்தாழ 1,92,000; மாண்டோர் ஏறத்தாழ 98,000. பங்கு போட்டுப் பாருங்கள். உலகக் கணக்கிலே நோய் கண்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சாவு. நம் கணக்கிலே பாதி! நோய் ஒன்றுதான், சாவு மட்டும் இங்கே ஏன் மிகுதி? காலங்கடந்து கண்டுபிடிப்பது ஒரு காரணம். மருந்து வாங்க வழியின்மை மற்றொரு காரணம். இவை பலரும் பேசுபவை. பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அதைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

ஒரே பெயர், பல நோய்

மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் உள்ளே அது ஒன்றல்ல, பல.

ஆலைச் சங்கு ஊதுகிறது. கேட்டவுடன் தொழிலாளி எழுந்து வேலைக்கு ஓடுகிறான். காது கேளாதவன் வீட்டு வாசலிலே நின்று எத்தனை முறை ஊதினாலும் அவன் எழப் போவதில்லை. பெண்ணின் உடலிலே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இந்தச் சங்கொலியைப் போன்றது. இரத்தத்திலே கலந்து உடல் முழுதும் போகிறது. மார்பகத்தின் உயிரணுவுக்குள்ளே அதைக் கேட்பதற்கென்று ஒரு புரதம் உண்டு. அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி என்பது உயிரணுவின் காது. ஹார்மோன் வந்து அதிலே பொருந்தியதும், “பெருகு!” என்ற கட்டளை உள்ளே போகிறது.

புற்றாக மாறிவிட்ட உயிரணுக்களிலும் பலவற்றில் இந்தக் காது அப்படியே இருக்கிறது. மேலை நாடுகளிலே நோய் கண்ட பெண்களில் 100-க்கு 70 பேர் அளவுக்கு இந்த வகை. சங்கொலி கேட்கக் கேட்க அந்தப் புற்று வளர்கிறது. அப்படியானால் செய்ய வேண்டியதென்ன? சங்கை நிறுத்து! இல்லையேல் காதை அடை! காதை அடைக்கும் மாத்திரைதான் டமாக்சிஃபென். ஈஸ்ட்ரோஜன் பொருந்த வேண்டிய இடத்திலே தான் போய் உட்கார்ந்துகொண்டு வழியை மறித்து நிற்கிறது அது.

காதே இல்லாத புற்றுக்கு இந்த மாத்திரையால் பயனில்லை. அதற்கு வேறு மருந்து, வேறு வழி. ஆகவே, “காது உண்டா, இல்லையா?” என்பதுதான் முதற் கேள்வி. அதைச் சொல்லும் சோதனைதான் ஏற்பிச் சோதனை. ஈஸ்ட்ரோஜனுக்கு ஒன்று, புரொஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனுக்கு ஒன்று, ஹெர்-2 என்ற புரதத்துக்கு ஒன்று என மூன்று விடைகள் அந்தத் தாளிலே வரும். இந்த ஹெர்-2 உயிரணுவின் மேற்பரப்பிலே முளைத்திருப்பது. அளவோடு இருந்தால் கேடில்லை. நூற்றில் 15 முதல் 20 பேருடைய புற்றிலே அது அளவு கடந்து மண்டிவிடுகிறது. நோயும் மூர்க்கமாகப் பாய்கிறது. மூன்றுமே இல்லாத வகையும் உண்டு. அதற்கு மற்ற மருந்துகளால் சிகிச்சை செய்கிறார்கள்.

இவ்வளவையும் கண்டறிய எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள்! 1896-இல் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், கருப்பையோடு சேர்ந்த சூலகங்களை எடுத்துவிட்டால் முற்றிய மார்பகப் புற்றும் சுருங்கக் கூடும் என்று எழுதினார். ஆனால் மூன்று பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கே அது பலித்தது. ஏன் ஒருவருக்கு மட்டும்? அறுபது ஆண்டுகள் விடையில்லை. 1950-களின் இறுதியிலே சிக்காகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனை உடலிலே செலுத்தி, அது எங்கே போய்த் தங்குகிறதென்று துருவித் துருவிப் பார்த்து, ஏற்பியைக் கண்டார். காது உள்ளவருக்குப் பலித்தது, இல்லாதவருக்குப் பலிக்கவில்லை என்ற உண்மை வெளியாயிற்று.

1962-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வுக்கூடத்திலே டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியல் அம்மையார் டமாக்சிஃபெனை உருவாக்கினார். கருத்தடைக்கென்று தேடிய மருந்து அது, அந்த வேலைக்கு உதவவில்லை, புற்றுக்கு உதவிற்று. 1973-இல் அந்நாட்டிலே மார்பகப் புற்றுக்கு வழங்க அனுமதி கிடைத்தது. ஏற்பி உள்ளவர்கள் ஐந்தாண்டுகள் இதை உண்டால், பதினைந்து ஆண்டுக் காலத்தில் இந்நோயால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் நிறுவியிருக்கிறார்கள்.

மூன்று சாவில் ஒன்றைத் தடுக்கும் மாத்திரை! விலையோ சில ரூபாய்! அந்த மாத்திரைக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு சொல். “உண்டு” அல்லது “இல்லை.”

சாயம் ஏறினால்தான் தெரியும்

அந்தச் சொல் எப்படிப் பிறக்கிறது? நெசவும் சாயமும் அறிந்த தோழர்களுக்கு இதை விளக்குவது எளிது.

கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைக்கிறார்கள். பின் மெழுகிலே புதைத்துக் கட்டியாக்கி, தாளினும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சில்லிலே ஒட்டுகிறார்கள். மறைந்து கிடக்கும் ஏற்பி வெளிப்படும்படி சூடேற்றுகிறார்கள். ஏற்பியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தை அதன்மேல் இடுகிறார்கள். அது ஒட்டிய இடத்திலே பழுப்புச் சாயம் ஏறும். நுண்ணோக்கியின் கீழே திசு ஆய்வு மருத்துவர் எண்ணிப் பார்க்கிறார். 100 புற்றணுக்களில் ஒன்றே ஒன்றில் சாயம் ஏறியிருந்தாலும் “உண்டு” என்று கொள்ள வேண்டுமென்பது 2010 முதல் அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் வகுத்து, உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

சாயப்பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியும்: துணியைச் சரியாக அலசி வெளுத்துப் பதப்படுத்தாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சாயமானாலும் பிடிக்காது. இங்கும் அப்படித்தான். திசுவை உடலிலிருந்து எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும். 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். வெளியே கிடந்து காய்ந்தால், குறைவாக ஊறினால், சூடு சரியாக ஏறாவிட்டால், இருக்கின்ற ஏற்பியும் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறாது. பட்டறையிலே சாயம் ஏறாவிட்டால் வேட்டி வெளிறும்; முதலாளி திட்டுவான்; மறுபடி முக்கலாம். ஆய்வுக்கூடத்திலே சாயம் ஏறாவிட்டால் “இல்லை” என்று தாள் போகும், மாத்திரை நிற்கும், நோய் திரும்பும். அதை மறுபடி முக்க முடியாது!

ஆகவேதான் அறிவுள்ள ஆய்வுக்கூடம், ஏற்பி நிச்சயம் உண்டென்று தெரிந்த வேறொரு திசுவையும் கூடவே வைத்துச் சோதிக்கிறது. அதிலும் சாயம் ஏறாவிட்டால் குற்றம் திசுவிலல்ல, வேலையிலே என்று தெரிந்துவிடும். தராசின் முள் சரியாக நிற்கிறதா என்று படிக்கல்லை வைத்துப் பார்ப்பது போன்றது இது. படிக்கல்லைப் பார்க்காத கடையிலே யார் பண்டம் வாங்குவார்கள்?

செயின்ட் ஜான்ஸில் நடந்தது

2004-இல் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் புதிய எந்திரம் வந்தது. 2005-இல் ஒரு பெண்ணின் தாளிலே ஐயம் எழுந்தது. அவளுடைய நோய்வகையிலே ஏற்பி இல்லாமலிருப்பது அரிது; தாளோ “இல்லை” என்றது. மெழுகுக்கட்டியை எடுத்துப் புதிய எந்திரத்திலே சோதித்தார்கள். “உண்டு” என்று வந்தது! மேலும் சிலரைச் சோதித்தார்கள். மேலும் மேலும் “உண்டு, உண்டு” என்றே வந்தது. நடுங்கிப்போன மருத்துவமனை, 1997 முதல் “இல்லை” என்று எழுதப்பட்டவர்களின் திசுக்களையெல்லாம் டொரன்டோ நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனைக்கு மறுசோதனைக்கு அனுப்பிற்று.

இதுவரை நடந்ததைப் பிழை என்போம். இனி நடந்ததை என்னென்பது?

நோயாளிகளை அழைத்து, “அம்மா, தவறு நேர்ந்துவிட்டது, மறுபடி பார்க்கிறோம்” என்று வெளிப்படையாகச் சொன்னார்களா? சொல்லவில்லை. 2005 அக்டோபரிலே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று செய்தியை வெளியிட்ட பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. 2006-இன் இறுதியிலே, சிகிச்சையை மாற்ற வேண்டியவர் 117 பேர் என்று நிர்வாகம் ஒரு கணக்குச் சொல்லிற்று. மறுசோதனை செய்தவற்றிலே நூற்றுக்கு எத்தனை தவறு என்பதை மட்டும் விழுங்கிவிட்டது. 2007 மே மாதத்திலே, பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கின் நீதிமன்ற ஆவணங்களிலிருந்துதான் அந்த எண் வெளியே வந்தது. மறுசோதனையிலே 100-க்கு 42!

கொதித்தெழுந்தார்கள் மக்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலே விசாரணைக் குழு அமைந்தது. 2008-இல் சாட்சிகள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், மனைவியை இழந்த ஆண்கள் வந்தார்கள், அமைச்சர்களும் வந்தார்கள். 2009 மார்ச்சிலே அறிக்கை வந்தது. 60 பரிந்துரைகள். அதே ஆண்டில் வழக்கு 1 கோடியே 75 இலட்சம் கனடா டாலருக்கு முடிந்தது. பணம் வந்தது. மாண்டவர்கள் வரவில்லை. விசாரணை முடிவதற்கு முன்பே நூறு பேருக்கு மேல் மறைந்துவிட்டிருந்தார்கள். மாத்திரை கிடைத்திருந்தால் அவர்களில் யார் யார் பிழைத்திருப்பார்கள்? எந்த நீதிபதியாலும் அதற்குத் தீர்ப்பெழுத முடியாது. அதுதான் அந்தக் குடும்பங்களின் நெஞ்சிலே இன்னும் குத்திக்கொண்டிருக்கும் முள்.

குற்றம் யாருடையது?

“ஆய்வுக்கூடத்து ஊழியர் கவனக்குறைவு” என்று முடித்துவிடுவது எளிது. எங்கே விபத்து நேர்ந்தாலும், எந்திரத்தின் அருகிலே நின்ற தொழிலாளியின் தலையிலே பழியைப் போடுவது முதலாளித்துவ உலகின் பழைய வழக்கம். பாய்லர் வெடித்தால் பாய்லர்க்காரன் குற்றம். ரயில் கவிழ்ந்தால் பாயிண்ட்ஸ்மேன் குற்றம். கேமரன் விசாரணை அந்த எளிய வழியிலே போகவில்லை என்பதை நாம் பாராட்டுகிறோம்.

விசாரணையிலே வெளிப்பட்டதென்ன? ஆய்வுக்கூடத்திலே தரக் கண்காணிப்பு என்பது ஒழுங்காக இல்லை. திசு ஆய்வு மருத்துவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்; நிலைத்து நின்று பொறுப்பேற்க ஆளில்லை. ஊழியர்களுக்குத் தக்க பயிற்சியில்லை. ஏடுகள் சரியாக வைக்கப்படவில்லை. எச்சரிக்கை எழுந்த வேளையிலும் மேலிடம் அசையவில்லை. சாயத்தைத் தொட்ட கை மட்டும் அல்ல, சம்பளப் பட்டியலிலே கையெழுத்திட்ட கையும், நிதி ஒதுக்கத் தயங்கிய கையும், உண்மையை மறைத்த கையும் அந்தத் தாளிலே “இல்லை” என்று எழுதியிருக்கின்றன!

இன்னொன்றையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். கனடா நாட்டிலே மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஏழை பணம் கட்டுவதில்லை. அரசே செலவேற்கிறது. அப்படிப்பட்ட நாட்டிலேதான் இது நடந்தது. இதைக் காட்டி, “பார்த்தீர்களா, அரசு மருத்துவமனை என்றாலே இப்படித்தான்! தனியாரிடம் விடுங்கள்!” என்று கூவுவதற்கு ஆட்கள் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: தனியார் ஆய்வுக்கூடத்திலே இதே பிழை நேர்ந்திருந்தால், எட்டாண்டுத் திசுக்களையும் தேடியெடுத்து, அரசுச் செலவிலே மறுசோதனை செய்து, அமைச்சர்களையே கூண்டிலே ஏற்றி, அறிக்கையை ஊரறிய அச்சிட்டிருப்பார்களா? பொது மருத்துவமனை என்பதால்தான் பொதுமக்கள் கணக்குக் கேட்க முடிந்தது. இலவசமாகக் கொடுப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. நம்பத் தகுந்ததாகவும் கொடுக்க வேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம்.

நம் வீட்டு நிலை என்ன?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மருந்து விலைக்கான போராட்டத்திலே நம் மக்கள் சோடை போனவர்களல்ல.

ஹெர்-2 மண்டிய நோய்க்கு டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவிலே வெளிவந்தது. டென்னிஸ் ஸ்லாமன் என்ற மருத்துவர் 1987-இல் ஹெர்-2-க்கும் நோயின் மூர்க்கத்துக்கும் உள்ள உறவைக் காட்டிய பிறகு பிறந்த மருந்து அது. மூன்று வாரத்துக்கொரு முறை, ஓராண்டு, நரம்பிலே ஏற்ற வேண்டும். ரோஷ் கம்பெனி அதை இந்தியாவிலே ஒரு குப்பி இலட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. ஓராண்டு கூலியைக் கொடுத்தாலும் ஒரு குப்பி வாங்க முடியாத வீடுகள் கோடிக்கணக்கில் உள்ள நாட்டிலே! 2012-இல், நோயோடு போராடிய பெண்களும் பெண்கள் இயக்கத்தவரும் கிளம்பினார்கள். கட்டாய உரிமம் கொடுத்து நம் நாட்டுக் கம்பெனிகளைத் தயாரிக்கச் சொல் என்று கேட்டார்கள். 2013-இலே அரசு அதை ஆராயத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஆகஸ்டிலே ரோஷ் கம்பெனி இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014 தொடக்கத்திலே பயோகான் கம்பெனியின் அதே வகை மருந்து 57,500 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. பின்னும் பல கம்பெனிகள் வந்தன. விலை மேலும் இறங்கிற்று. அறம் பேசி இறங்கவில்லை அந்த விலை. போட்டியும் போராட்டமும் இறக்கின!

தொழிற்சங்கத் தோழர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. 2012-இல் தொடங்கிய நேஷனல் கான்சர் கிரிட் என்ற அமைப்பிலே சேர்ந்த மருத்துவமனைகள், தனித்தனியே வாங்காமல் ஒன்றுசேர்ந்து பேரம் பேசி மருந்து வாங்கின. விலை பெருமளவு விழுந்தது. தனித்து நின்றால் கெஞ்சல். சேர்ந்து நின்றால் பேரம். ஆலை வாசலிலே நாம் கற்ற பாடம் மருந்துக் கிடங்கின் வாசலிலும் செல்லுபடியாகிறது!

ஆனால், தோழர்களே, மருந்தின் விலையைப் பற்றிப் பேசிய அளவுக்குச் சோதனையின் தரத்தைப் பற்றி நாம் பேசினோமா? பெரிய நகரங்களின் புற்றுநோய் மருத்துவமனைகளிலே நல்ல ஆய்வுக்கூடங்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு நிலையம் போன்றவை நாட்டுக்குப் பெருமை. மாவட்டத்து நிலை என்ன? எத்தனையோ ஊர்களிலே அறுவை ஓரிடம், சோதனை வேறிடம். திசு டப்பாவிலே பயணம் போகிறது. பல வேளை நோயாளியின் கணவனே பஸ்ஸிலே தூக்கிக்கொண்டு போகிறான். டப்பாவிலே ஊற்றியது போதிய ஃபார்மலின்தானா, எந்த மணிக்கு இட்டார்கள், எந்த மணிக்கு எடுத்தார்கள் என்று எழுதிய சீட்டு கூடவே போகிறதா? சோதனைக் கட்டணமோ சில ஆயிரம் ரூபாய். பல மாதத்து டமாக்சிஃபெனுக்கு ஆகும் செலவைவிட அதிகம்! ஆய்வுக்கூடங்கள் தரச்சான்று பெறுவதோ நம் நாட்டிலே அவரவர் விருப்பம்!

நோய் கண்ட மூவரில் ஒருவருக்கு மூன்றும் “இல்லை” என்று நம் நாட்டு ஆய்வுகள் பல சொல்கின்றன. மேலை நாடுகளைவிட இது அதிகம். இளவயதிலேயே நம் பெண்களுக்கு நோய் வருவது உள்ளிட்ட உண்மையான காரணங்கள் இதற்கு உண்டு. ஆனால் அந்த “இல்லை”களிலே சில, ஃபார்மலின் எழுதிய “இல்லை”களாக இருக்கக்கூடும் என்று ஐயப்பட நியூஃபவுண்ட்லாந்து நமக்குக் கற்பித்திருக்கிறது.

கோடு நாளுக்கு நாள் நுண்ணியதாகவும் ஆகிறது. 2022-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஹெர்-2 மிகக் குறைவாக உள்ள, இதுவரை “இல்லை” என்றே தள்ளப்பட்ட புற்றுகளிலும், முற்றிய நிலையிலே, டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகன் என்ற புதிய மருந்து ஆயுளை நீட்டுகிறதென்று காட்டிற்று. 2024 ஜூலையிலே ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டம் அந்த மருந்துக்குச் சுங்கவரியை நீக்கிற்று. வரவேற்கத்தக்கதே. வரி போனாலும் அது உழைப்பாளி வீட்டுக்கு எட்டுகின்ற விலையல்ல என்பது வேறு கதை. இனி “முற்றும் இல்லை”க்கும் “சற்றே உண்டு”க்கும் நடுவே உள்ள மயிரிழையைக் கண்டு சொல்ல வேண்டும். முரட்டுச் சாயமே ஏறாத கூடங்கள் மயிரிழையை எப்படிக் காணும்? சுங்கச்சாவடியிலே வரியை நீக்கிய கை, ஆய்வுக்கூடத்துக்கு ஆளும் கருவியும் கொடுக்க நீளவேண்டாமா?

நாம் கேட்பது

நாம் கேட்பது வானத்து நிலவையல்ல. மார்பகக் கட்டிக்கு அறுவை நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும், திசுவை எடுத்த நேரமும் ஃபார்மலினில் இட்ட நேரமும் சீட்டிலே எழுதப்பட வேண்டும். மூன்று ஏற்பிச் சோதனைகளும் கட்டணமின்றி நடக்க வேண்டும். சோதனை செய்யும் கூடம், அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், வெளியாரின் தரச்சோதனைக்குக் கட்டாயமாக உட்பட வேண்டும். முடிவை ஆண்டுதோறும் மக்கள் அறிய வெளியிட வேண்டும். ஆய்வுக்கூட ஊழியரை ஒப்பந்தக் கூலியாக இன்று வைத்து நாளை விரட்டாமல், பயிற்சி தந்து நிரந்தரமாக்க வேண்டும். கை பழகாத இடத்திலே சாயம் ஏறாது!

அரசைக் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். கிளைக் கூட்டத்திலும் சங்கக் கூட்டத்திலும் தோழர்கள் இதைப் பேசுங்கள். நம் வீட்டுப் பெண்கள் மார்பிலே கட்டி தென்பட்டால் நம்மிடம்கூடச் சொல்லக் கூசி மாதக்கணக்கிலே மறைக்கிறார்கள். கூசவைத்தது நாம் கட்டிக்காத்த வழக்கம்தான். அதை உடையுங்கள். “வலிக்கவில்லையே” என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். தொடக்கத்திலே பெரும்பாலும் வலிக்காது. ஆண்களுக்கும் இந்த நோய் வரும்; நூற்றில் ஒருவர் அளவு. நோய் என்று உறுதியானால், அந்த மூன்று விடைகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விடை நோயோடு பொருந்தவில்லை என்று மருத்துவர் ஐயப்பட்டால், மெழுகுக்கட்டியைக் கேட்டு வாங்கி வேறொரு நல்ல கூடத்திலே மறுசோதனை செய்வியுங்கள். அந்தக் கட்டி பல ஆண்டுகள் கெடாது. நியூஃபவுண்ட்லாந்தின் பொய்யை உடைத்ததே அந்த மெழுகுக்கட்டிகள்தாம்.

சில ரூபாய் மாத்திரை கைக்கெட்டும் தூரத்திலே இருக்கும்போது, ஊறாத திசுவாலும் ஏறாத சாயத்தாலும் ஒரு தாய் சாவதா? மருந்துக்காகப் போராடி வென்ற மக்கள், அந்த மருந்துக்கு வழி திறக்கும் ஒரு சொல்லுக்காகவும் போராட வேண்டும். “உண்டு” என்றால் உண்மையில் இருக்க வேண்டும். “இல்லை” என்றால் உண்மையில் இல்லாதிருக்க வேண்டும். ஏழை கேட்பது சலுகையல்ல, தோழர்களே; பொய் சொல்லாத ஒரு தாள்!